வழிவிட்டனுப்புதல்: உலக அவைகளை நாடிச் சென்ற ஆதிகுடியினர்

ஆதித் திருச்சபையில் பிரயாணிகளுக்கு உதவிசெய்தல் ஒரு தனி ஊழியமாகவே மதிக்கப்பட்டது. காயு என்பவருக்கு எழுதப்பட்ட சிறு நிருபமும், தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தின் முடிவுரையும் இதற்குச் சான்று பகருகின்றன. அங்கே ஆளப்பட்டுள்ள 'புரோபெம்ப்போ' என்னும் கிரேக்க வினைச்சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பாளர் 'வழிவிட்டனுப்புதல்' எனத் தமிழாக்கினர். வாயிலில் நின்று கையசைத்து விடைகொடுப்பதன்று இச்சொல்லின் பொருள். வழிச்செலவு, உணவு, துணையாள், அடுத்த ஊரில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கான அறிமுகம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். தீத்துவின் பொறுப்பில் அவ்வாறு விடப்பட்ட இருவருள் ஒருவர் சேனா என்னும் நியாயசாஸ்திரி என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

நிலமிழந்த ஆதிகுடி மக்கள் தங்கள் வழக்கை எடுத்துரைக்க உலக அவைகளை நாடிச் சென்ற வரலாறு 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அவர்களை வழிவிட்டனுப்பியவர் யார், தடுத்தவர் யார், அனுப்புகிறோம் என்ற பெயரால் அவர்களுக்குப் பதிலாகத் தாமே பேசியவர் யார் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகும் பொருள். இவ்வாராய்ச்சியில் திருச்சபையின் பெயர் இம்மூன்று வரிசைகளிலும் வருகிறது.

முதற்பயணி இளைஞர் அல்லர். ஐம்பது வயதை எட்டியவர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராண்ட் ரிவர் ஆற்றங்கரையில் வாழும் ஆறு நாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த கயூகா மக்களின் தலைவர் லீவை ஜெனரல் அவர். 'டெஸ்காஹே' என்பது அவர் வகித்த பதவியின் பெயர். கனடா அரசு தம் மக்களின் பரம்பரை ஆட்சிமன்றத்தில் தலையிடுவதைச் சர்வதேச சங்கத்தில் முறையிட விரும்பி, 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் ஜெனீவா வந்து சேர்ந்தார். அவர் கையிலிருந்த கடவுச்சீட்டு பிரிட்டனோ கனடாவோ வழங்கியதன்று. அவருடைய சொந்த மக்களே வழங்கியது. ரோச்செஸ்டர் நகர வழக்கறிஞர் ஜார்ஜ் டெக்கர் அவருக்கு நியாயசாஸ்திரியாக உதவினார். ஆதிகுடிகளின் பாதுகாப்புக்கென ஜெனீவாவில் 1913இல் நிறுவப்பட்டிருந்த பன்னாட்டுப் பணியகத்தாரும் அவருக்குத் துணைநின்றனர். எஸ்தோனியா, அயர்லாந்து, பனாமா, பாரசீகம் ஆகிய நான்கு நாடுகள் அவருடைய முறையீடு கேட்கப்படவேண்டும் என்று முன்வந்தன. பிரிட்டனின் நெருக்குதலால் அம்முயற்சி வீணாயிற்று. ஓராண்டுக்கு மேலாக ஐரோப்பாவில் தங்கிப் பொதுமக்கள் முன்னிலையில் அவர் பேசினார். சங்கத்தின் பேரவையிலோ ஒரு சொல்லும் பேச இடம்பெறவில்லை. அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே, 1924 அக்டோபரில், கனடா அரசு அப்பரம்பரை மன்றத்தைக் கலைத்தது.

டெஸ்காஹே தம் ஊருக்குத் திரும்பவில்லை. எல்லைக்கு அப்பால், நியூயார்க் மாநிலத்தில், டஸ்கரோரா மக்களின் தலைவர் கிளின்ட்டன் ரிக்கார்டின் வீட்டில் தங்கி, 1925ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அங்கேயே மரித்தார். அவர் நோயுற்றிருந்தபோது, அவர் நம்பியிருந்த பாரம்பரிய மருத்துவர் எல்லை கடந்து வரமுடியாதபடி தடுக்கப்பட்டார் என்று ரிக்கார்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆதிகுடிப் பிரதிநிதி ஒருவர் உலக அவைக்குச் செல்வதில் எழும் இடர்கள் யாவும் இவ்வொரு வாழ்விலேயே தென்படுகின்றன. சென்று சேருவதற்குப் பணம் கிடைத்தது. ஆனால் கதவு திறக்கப்படவில்லை, திரும்பிச்செல்ல வீடும் இருக்கவில்லை.

அதன்பின் ஏறத்தாழ அரைநூற்றாண்டு கடந்தது. 1968இல் உப்சாலாவில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் பேரவை இனவெறியை எதிர்க்கும் பொறுப்பை உணர்த்தியதன் விளைவாக, 1969இல் இனவெறி எதிர்ப்புத் திட்டம் நிறுவப்பட்டது. அத்திட்டத்தின் ஆதரவில் 1971 ஜனவரியில் பார்படோஸ் தீவில் ஒரு கருத்தரங்கு கூடிற்று. தென் அமெரிக்க ஆதிகுடிகளின் நிலையை ஆராய்ந்து மானிடவியலறிஞர் பதினொருவர் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அரசுகளைக் கண்டித்ததோடு அவ்வறிக்கை நிற்கவில்லை. மானிடவியலாரையும், சிறப்பாக மிஷன்களையும் கடுமையாகக் குற்றப்படுத்தி, அருட்பணி அனைத்தும் நிறுத்தப்படுவதே அம்மக்களுக்கு நலம் என்று துணிந்து கூறிற்று. தம் செலவில் கூட்டிய கூட்டத்திலிருந்து தம்மீதே தீர்ப்பு வந்ததைக் கண்டு மிஷன் வட்டாரங்கள் கலங்கியது இயல்பே. அக்கலக்கம் வேறொரு குறையை மறைத்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். ஆதிகுடிகளின் விடுதலையை அவர்களே நடத்தவேண்டும் என்று முழங்கிய அவ்வறிக்கையில் கையொப்பமிட்டவருள் ஆதிகுடியினர் எவரும் இல்லை. 1977இல் பார்படோஸில் இரண்டாம் கூட்டம் நடந்தபோதே அவர்கள் அவைக்குள் அமர்ந்தனர்.

இதற்கிடையில் அவர்கள் பிறர் அழைப்புக்காகக் காத்திருக்கவுமில்லை. கனடாவின் ஷுஸ்வாப் இனத்தவரான ஜார்ஜ் மானுவேலின் முயற்சியால், 1975 அக்டோபரில், வான்கூவர் தீவின் போர்ட் ஆல்பர்னியில் உலக ஆதிகுடிகள் மாமன்றம் தோன்றிற்று. 1977 செப்டம்பரில் ஜெனீவாவின் ஐ.நா. மாளிகையில், அரசுசாரா நிறுவனங்களின் ஏற்பாட்டில், அமெரிக்கக் கண்டங்களின் ஆதிகுடிகளுக்கு இழைக்கப்படும் பாகுபாடு குறித்து மாநாடு கூடியபோது, டெஸ்காஹேயின் மக்கள் மீண்டும் தம் சொந்தக் கடவுச்சீட்டுடன் அந்நகருக்கு வந்தனர். இம்முறை கதவு திறந்திருந்தது. அம்மாநாட்டின் பயனாக, வந்த பிரதிநிதிகளின் வேண்டுகோளுக்கிணங்க, 1978இல் ஜெனீவாவில் ஓர் ஆவண மையம் தொடங்கப்பட்டது. மொழிபெயர்ப்பது, தட்டச்சு செய்வது, எந்த அறையில் எப்போது அமர்வு என்று சொல்வது போன்ற எளிய பணிகளே அதன் தொண்டு. பெரிய அறிக்கைகளைவிட இத்தகைய தொண்டே அம்மக்களுக்கு மிகுதியாக உதவிற்று என்பது நம் கருத்து.

இனி, பிரேசில் நாட்டில் 1980இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் காண்போம். மாரியோ ஜுருனா என்பவர் மாட்டோ கிராஸோ பகுதியின் ஷவாந்தே இனத்தவர்; இளமைப் பருவத்தின் பெரும்பகுதியை வெளியுலகத் தொடர்பின்றிக் காட்டில் கழித்தவர். தலைநகர் அலுவலகங்களுக்கு அவர் செல்லும்போதெல்லாம் கையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். அதிகாரிகள் கொடுக்கும் வாக்குறுதிகளை அதில் பதிவுசெய்து, பின்னர் அவர்கள் மறுக்கும்போது போட்டுக்காட்டுவார். எழுத்தைக்கொண்டு ஏமாற்றப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவர் கண்டுபிடித்த இவ்வுபாயம் நாடெங்கும் அவரைப் புகழ்பெறச் செய்தது.

அவ்வாண்டு நவம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், அமெரிக்கக் கண்டங்களின் ஆதிகுடிகளுடைய உரிமைகளை விசாரிக்க நான்காம் ரஸ்ஸல் நீதிமன்றம் கூடிற்று. எந்த அரசின் அதிகாரமும் இல்லாத, மனச்சாட்சியின் அதிகாரம் மட்டுமே உடைய மன்றம் அது. ஜுருனா அங்கு அழைக்கப்பட்டார். பயணச்செலவுக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அக்காலப் பிரேசில் சட்டப்படி ஆதிகுடியினர் அரசின் பாதுகாவலுக்கு உட்பட்டவர்களாக இருந்தனர். அப்பாதுகாவலை நடத்திவந்தது 'ஃபுனாய்' எனப்பட்ட, அந்நாளைய தேசிய இந்தியர் நிறுவனம். மைனர் பிள்ளை தகப்பன் அனுமதியின்றி ஊர்விட்டுப் போகலாகாது என்பதுபோல, முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு தலைவருக்கு அரசு பதில் சொல்லிற்று. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை ஏற்று, அவர் செல்லலாம் எனத் தீர்ப்பளித்தது. அமர்வு முடிவதற்குள் ஜுருனா ராட்டர்டாம் போய்ச் சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1982ஆம் ஆண்டுத் தேர்தலில் ரியோ டி ஜெனீரோவிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, பிரேசில் நாடாளுமன்றத்தின் முதல் ஆதிகுடி உறுப்பினரானார். 2002இல் மறைந்தார்.

பாதுகாவல் என்னும் சொல் இங்கே நம்மை நிறுத்துகிறது. அது தீய எண்ணத்தில் பிறந்த சொல் அன்று. வஞ்சகரிடமிருந்து எளியோரைக் காக்கவேண்டும் என்ற நோக்கமும் அதில் கலந்திருந்தது. மிஷனரிமாரும் அவ்வெண்ணத்தை வளர்த்தனர். ஆயினும், காக்கப்படுகிறவர் வாய்திறக்க விரும்பிய நாளில் அதே பாதுகாவல் விலங்காயிற்று. 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஆதிகுடியினரும் அவர்களுடைய அமைப்புகளும் தம் பெயரிலேயே வழக்காடலாம் என்று விதித்தபோதுதான் அவ்விலங்கின் ஆணி தளர்ந்தது. உதவிசெய்வோர் தம் உதவிக்குள் மறைந்திருக்கும் பாதுகாவலனை அடையாளம் காண்பதற்கு ஜுருனாவின் வழக்கைவிடத் தெளிவான பாடத்தை நாம் அறியோம்.

குவாத்தமாலா நாட்டின் ரிகோபெர்த்தா மென்சூ மெய்யாகவே இளம்பெண். கீச்சே மாயா இனத்தில் 1959இல் பிறந்தவர். அவர் தகப்பனார் விசென்டே மென்சூ ஓர் உபதேசியாராகவும் நில உரிமைக்காகப் போராடியவராகவும் இருந்தார். 1980 ஜனவரி 31ஆம் நாள், தலைநகரின் ஸ்பெயின் தூதரகத்தில் குடியானவர் சிலர் புகுந்து தம் குறைகளை உலகறியச் செய்ய முயன்றபோது, காவற்படையினர் உள்ளே நுழைந்தனர், கட்டடம் தீப்பற்றிற்று, 37 பேர் மாண்டனர். விசென்டே அவர்களுள் ஒருவர். சில மாதங்களுக்குள் தாயாரும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் ஒரு சகோதரர் கொல்லப்பட்டிருந்தார்.

அப்பெண்ணை மறைத்து, எல்லை கடத்தி, மெக்ஸிக்கோவில் சேர்த்ததில் கத்தோலிக்கத் துறவியர் முதலிய கிறிஸ்தவர்கள் பங்குபெற்றனர். அங்கே சான் கிறிஸ்தோபால் ஆயர் சாமுவேல் ரூயிஸ் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். 1982 ஜனவரியில் அவர் ஐரோப்பா வந்தார். பாரிஸ் நகரில் மானிடவியலறிஞர் எலிசபெத் பர்கோஸ் ஒருவார காலம் அவருடைய வாய்மொழியை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். வளர்ந்த பின்னரே கற்ற ஸ்பானிய மொழியில் பேசினார் மென்சூ. 1983இல் நூல் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியராகப் பர்கோஸின் பெயர் அச்சிடப்பட்டது.

அதே 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், ஜெனீவாவில் ஆதிகுடி மக்களுக்கான ஐ.நா. பணிக்குழு முதன்முறையாகக் கூடிற்று. நார்வே நாட்டறிஞர் அஸ்பியோர்ன் ஐடே அதன் தலைவர். ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி பெற்ற நிறுவனங்களின் சீட்டு இல்லாமலேயே ஆதிகுடியினர் அங்கே பேசலாம் என்ற வழக்கம் அக்குழுவில் வேரூன்றிற்று. டெஸ்காஹேக்கு மறுக்கப்பட்ட கதவு, அதே ஜெனீவாவில், ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு திறந்தது. ஆகஸ்ட் 9 இன்று உலக ஆதிகுடிகள் நாளாக அனுசரிக்கப்படுவது இதன் நினைவாகவே. அவ்வாண்டு முதல் பத்தாண்டுக் காலம் மென்சூ உலக அவைகளின் தாழ்வாரங்களில் நடந்து, கேட்க மனமுள்ளோரிடமெல்லாம் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார்.

அந்நாட்களில் குவாத்தமாலாவை ஆண்டவர் யார் என்பதை நம் வாசகர் அறிந்திருத்தல் நலம். 1982 மார்ச் 23ஆம் நாள் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த தளபதி எஃப்ராயின் ரியோஸ் மான்ட் ஒரு சுவிசேஷ சபையின் உறுப்பினர். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டினருக்கு அறநெறி போதித்தார். வெளிநாட்டுப் புராட்டஸ்டண்டு மக்களில் பலர், ஒரு விசுவாசி அரியணை ஏறினார் என்று மகிழ்ந்தனர். அவர் ஆண்ட மாதங்களில் மாயா கிராமங்கள் எரிந்தன. உண்மை விளக்க ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் நீண்ட உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று மதிப்பிட்டது. இனங்காணப்பட்ட பலியானோரில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். ஆணையம் பதிவுசெய்த மீறல்களில் 93 விழுக்காட்டுக்கு அரசும் அதன் துணைப்படைகளும் பொறுப்பு. இக்ஸில் மாயா மக்களை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காக ரியோஸ் மான்டுக்கு 2013 மே 10இல் 80 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்து நாட்களில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. மறுவிசாரணை முடியுமுன் 2018இல் அவர் இறந்தார். மென்சூவின் வாய்மொழியைக் கேட்கவேண்டிய அவைகளுள் நம் சபைகளும் இருந்தன. அவற்றுட் சில வேறொரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்தன.

மற்றொரு பக்கமும் உண்டு. நார்வே திருச்சபை உதவி நிறுவனமும் உலக லுத்தரன் சம்மேளனமும் எடுத்த முயற்சியால், 1990 மார்ச் மாதத்தில் ஆஸ்லோ நகரில் கொரில்லாப் படையினரின் பிரதிநிதிகளும் தேசிய ஒப்புரவு ஆணையத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து முதல் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். அவ்வழி 1996 டிசம்பர் 29ஆம் நாள் சமாதான உடன்படிக்கையில் முடிந்தது. ஆஸ்லோவின் மேசையில் மாயா மக்கள் தனித்தரப்பாக அமரவில்லை. அவர்களுடைய தனித்தன்மையும் உரிமைகளும் பற்றிய உடன்பாடு 1995 மார்ச்சில்தான் கையொப்பமாயிற்று. பேச்சுவார்த்தைக்கு வழியமைத்த சபையாரும் இவ்வளவு காலம் கழித்தே அதனைக் கண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மென்சூவுக்கு 1992இல் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. 1999இல் அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் ஸ்டால், நூலில் சொல்லப்பட்ட சில செய்திகள் நடந்தவாறு இல்லை என்று நிறுவ முயன்றார். தமக்குப் பள்ளிக்கல்வி இல்லை என்று மென்சூ சொல்லியிருந்தார். உண்மையில் கன்னியர் நடத்திய ஒரு கல்விநிலையத்தில் சிலகாலம் இருந்தார். தம்மை ஆதரித்த அச்சகோதரிகளுக்கு ஆபத்து நேராதிருக்கவே அதனை மறைத்ததாக அவர் பின்னர் விளக்கினார். அவருடைய இனத்தாருக்கு நேர்ந்த அழிவை ஆணையத்தின் அறிக்கையே மெய்ப்பித்திருக்க, எழுந்த கூச்சல் அளவுக்கு மிஞ்சியது என்பது நம் தீர்ப்பு. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். எல்லாத் துன்பத்தையும் ஒரே உடலில் சுமந்த, பள்ளி வாசலை மிதியாத ஒரு சாட்சியே கேட்போருக்குத் தேவைப்பட்டது. இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் தோளில் ஒரு முழு இனத்தின் சரித்திரத்தையும் ஏற்றிவைத்தவர்கள் அவளுடைய நண்பர்களே.

இக்குறையை ஐ.நா. சபை ஓரளவு உணர்ந்துகொண்டது எனலாம். 1985 டிசம்பர் 13ஆம் நாள் பொதுப்பேரவை ஒரு தன்னார்வ நிதியை நிறுவிற்று. ஜெனீவாவுக்கு வரும் ஆதிகுடிப் பிரதிநிதிகளின் பயணத்துக்கும் தங்குதலுக்கும் உதவுவது அதன் நோக்கம். அரசுகளும் தனியாரும் பணம் இடலாம். ஆயின் செல்கிறவர் ஆதிகுடி மக்களின் அமைப்புகளுக்கோ சமூகங்களுக்கோ பிரதிநிதியாக இருக்கவேண்டும். உதவியின்றி வர இயலாதவராக இருக்கவேண்டும். பணம் ஓரிடத்திலிருந்தும் ஆள் வேறிடத்திலிருந்தும் வரும் இவ்வேற்பாட்டில், கொடுப்பவர் தமக்கு உகந்தவரை அனுப்பும் வழக்கம் குறைகிறது. 2007 செப்டம்பர் 13ஆம் நாள் 144 நாடுகளின் வாக்குடன் ஆதிகுடி மக்களின் உரிமைப் பிரகடனம் நிறைவேறியபோது, அதன் வாசகங்களை உருவாக்கிய நீண்ட விவாதங்களில் இவ்வாறு வந்தவர்களின் உழைப்பு கலந்திருந்தது. இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. இந்தியர் யாவரும் இம்மண்ணின் ஆதிகுடிகளே என்ற விளக்கத்தோடு. சோட்டா நாகபுரியிலும் வடகிழக்கிலும் ஊழியம்செய்யும் நம் சகோதரர் இவ்விளக்கத்தைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்; அம்மலைகளிலிருந்து உலக அவைக்குச் செல்லும் இளைஞர் முதலில் சந்திக்கும் கேள்வி அதுவே.

சென்றவர் திரும்பிவரும் நாளைக் குறித்தும் சிறிது கூறவேண்டும். 1980 ஜூலையில் பிரேசிலின் மனாவுஸ் நகரில் போப் இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் தம் மக்களின் துயரை எடுத்துரைத்தவர் குவாரானி இனத்தலைவர் மார்சால் டி சூசா. உலகச் செய்தித்தாள்கள் அவரைப் படம் பிடித்தன. 1983 நவம்பர் 25ஆம் நாள் அவர் தம் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டின் விக்டோரியா தௌலி-கோர்ப்புஸ் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராகவே பணியாற்றியபோதும், 2018இல் அவர் பெயர் அந்நாட்டு அரசு நீதிமன்றத்தில் அளித்த பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது; பின்னரே நீக்கப்பட்டது. போகும்போது வழியனுப்ப வருகிறவர் பலர். அவர் திரும்பிய மறுவாரத்தில் அவருடைய ஊர்க் காவல் நிலையத்தில் என்ன விசாரிக்கப்படுகிறது என்று கேட்டறிய யார் இருக்கிறார் என்பதை, அழைப்பிதழில் கையொப்பமிடுமுன்னர் சபையார் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். போக வேண்டுமா என்பதையும், எதைப் பேசுவது என்பதையும் அவரும் அவருடைய ஊராருமே தீர்மானிப்பார்கள்.

மென்சூ 1988 ஏப்ரலில், நாடுகடந்து வாழ்ந்த வேறு சிலருடன் குவாத்தமாலா திரும்பத் துணிந்தார். விமான நிலையத்தில் இறங்கியவுடன் காவலர் அவரைக் கைதுசெய்தனர். உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் எழுந்த எதிர்ப்பினால் சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டார். கொலை மிரட்டல்கள் தொடர்ந்தமையால் அவர் மீண்டும் மெக்ஸிக்கோவுக்குப் போகவேண்டியதாயிற்று.